புகைபோக்கி அடுப்பை வருஷந்தோறும் செப்பனிடுதல்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் பால்கோவா காய்ச்சுமிடங்களிலும் தோப்பு வீடுகளிலும் விறகடுப்பு இன்னும் வழக்கொழியவில்லை. 1983 முதல் 2002 வரை மத்திய சர்க்கார் நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கட்டியவை பல, பழுது பார்ப்பாரின்றியே பாழாயின. கிராம அதிகாரிகள் இதனைக் கவனித்தல் நலம்.

ஐப்பசி மழைக்கு முன்னரே, மண்பூச்சு காயும்படியாக, புரட்டாசியில் இவ்வேலையை முடிக்க வேண்டும். அடுப்பை ஒரு நாள் ஆறவிட்டு, மூங்கிற்கழியின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டிக் குழாயை மேலிருந்து துடைக்கவும். ஈரவிறகும் பச்சை மட்டையும் எரிக்கும் வீடுகளில் புகைக்கரி பிசின் போல் ஒட்டும். அது குழாயினுள்ளேயே தீப்பற்றி ஓலைக்கூரையைக் கொளுத்திவிடக்கூடும். ஆகவே அவ்வீட்டார் வருஷம் வரை காத்திராது மாதமொருமுறை துடைத்தல் அவசியம். ஈரவிறகை விலக்குவது அதனினும் உத்தமம்.

வெடிப்புகளைக் களிமண்ணும் உமியும் பிசைந்து அடைக்கவும். பின்பு அடுப்பு வாயில் காகிதச் சுடரைப் பிடித்தால் அது உள்நோக்கிச் சாய வேண்டும். வெளியே சாயின் குழாய் அடைபட்டுள்ளது என்றறிக. அப்புகை முழுதும் சமைக்கும் பெண்டிரின் கண்ணுக்கும் மார்புக்குமே போகும்.

சாம்பலில் பொட்டாஷ் சத்துண்டு, தென்னைக்கு இடலாம். அம்மோனியம் சல்பேட்டுடன் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போம். தணல் அவிந்ததா என்று கிளறிப் பாராமல் குப்பையில் கொட்டலாகாது.