11300-ஆம் வாசலில் என்ன நடக்கிறது?

வாங்க, சத்தம் போடாமல் பின்பக்கமாக நுழைவோம். போகிற இடம் சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' புராசசர். 2018-இல் இன்டெலின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாராகி வந்து லினக்ஸை ஓட்டிக் காட்டியதே, அந்தக் குடும்பம். அதை அடிப்படையாக வைத்து இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த 'ஐரிஸ்' சிப்பை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். எல்லாம் பெரிய சமாச்சாரம். நாம் எட்டிப் பார்க்கப்போவதோ, ஒரே ஒரு எழுத்து அதிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்ற குட்டி சமாச்சாரம். எனக்கு அதுதான் கொண்டாட்டம்!

எஃப்பிஜிஏ போர்டில் சக்தியை ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு பினாகா, பரசு, வஜ்ரா என்று வடிவங்கள் இருக்கின்றன. சிவன், பரசுராமர், இந்திரன் மூவரின் ஆயுதங்களும் ஒரே எஸ்டிகேயில் (மென்பொருள் உருவாக்கும் கருவித்தொகுப்பில்)! அதில் பினாகாவைத் திறப்போம். போர்டிலிருந்து கணினிக்கு பைட் பைட்டாக அனுப்பும் பகுதிக்கு யுவார்ட் என்று பெயர். அதன் முகவரி, ஹெக்ஸ் எண்ணில், 11300. அங்கிருந்து 4 பைட் தள்ளி ஒரு பைட்டை எழுதினால் போதும், கணினித் திரையில் எழுத்து வந்துவிடும். ஆங்கில எழுத்து என்றால் ஒரு தடவை எழுதலாம். நம் 'அ' யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் என்பதால் மூன்று தடவை. தமிழுக்கு வேலை கொஞ்சம் கூடத்தான்.

இதைச் சி மொழியில் எழுதும் முரட்டு வழி இப்படி: 11304 என்ற எண்ணை எடு, 'இது வெறும் எண் இல்லை, மெமரி முகவரியைக் காட்டும் பாயின்டர்' என்று கம்பைலரிடம் அடித்துச் சொல், முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடு, மதிப்பை எழுது. கேட்பார் இல்லை, தடுப்பார் இல்லை. 11304 என்பதை 11340 என்று தட்டிவிட்டாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. புரோகிராம் முழுக்க இப்படி எண்களைத் தூவினால் மறுநாள் எழுதியவருக்கே புரியாது.

சக்தியின் எஸ்டிகே என்ன செய்கிறது தெரியுமா? யுவார்ட்டின் ரெஜிஸ்டர்களை, அதாவது அதன் குட்டிக் குட்டி அறைகளை, வரிசை மாறாமல் ஒரு ஸ்ட்ரக்டில் அடுக்கி, அதை 11300-இன் மேல் அப்படியே உட்காரவைக்கிறது. வேகம், அனுப்பு, பெறு, நிலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வந்துவிடுகிறது. நட்சத்திரமும் எண்ணும் ஒரே இடத்தில் ஒளிந்துகொள்ள, மற்ற வரிகள் அம்புக்குறியும் பெயருமாக ஓடுகின்றன. இதில் எனக்குப் பிடித்த ரகசியம், நடுநடுவே வரும் வெற்று உறுப்புகள். அவற்றை யாரும் படிப்பதில்லை, எழுதுவதில்லை. இடம் பிடித்து வைப்பது மட்டும்தான் வேலை! வேண்டாத வரி என்று ஒன்றை அழித்தால் கீழே இருப்பவை நகர்ந்து, பெயர் ஒன்று சொல்ல, முகவரி வேறொன்றைத் தொடலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. அனுப்புவதற்குமுன் 'நிலை' ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். கம்பைலரோ மகா புத்திசாலி. 'இதை இந்த புரோகிராம் மாற்றவே இல்லையே, ஒருமுறை படித்தால் போதாதா?' என்று லூப்பைச் சுருக்கிவிடலாம். அப்புறம் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். வாலடைல் என்ற ஒற்றைச் சொல்தான் அந்தப் புத்திசாலித்தனத்துக்குக் கடிவாளம்.

பெயர் வைத்ததால் படிக்க எளிதானது. ஆபத்து குறைந்ததா என்றால், பெரிதாக இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை விடுதி அறை கிடைப்பதே அபூர்வம். அறையைக் காலி செய்தவர் சாவியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறக்கிறார். உள்ளே வேறொரு குடும்பம்! சாவியில் தொங்கும் அட்டையில் அறை எண் எவ்வளவு அழகாக எழுதியிருந்து என்ன பயன்? மெமரியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய பாயின்டரைப் பயன்படுத்துவது இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரிக் கோளாறுகள் என்று அந்நிறுவனத்தின் பொறியாளரே 2019-இல் சொன்னார்.

சக்திக் குழு இங்கேயும் கை வைத்திருக்கிறது. 2019-இல் வெளியான 'சக்தி-எம்எஸ்' ஆய்வு, மெமரி எல்லையைத் தாண்டுவது, காலாவதியான பாயின்டரைத் தொடுவது ஆகிய இரண்டையும் புராசசரே ஓடும்போது பிடிக்கும் வழியைக் காட்டியது. சி புரோகிராமுக்கு வன்பொருளிலேயே காவல்! ரஸ்ட் மொழி வேறு வழியில் வருகிறது. பச்சைப் பாயின்டர் (ரா பாயின்டர்) வழியாகப் படிப்பது, எழுதுவதெல்லாம் 'அன்சேஃப்' என்ற வேலிக்குள்தான் நடக்க வேண்டும். ரெஃபரன்ஸ் உருவாக்காமல் நேரடியாகப் பாயின்டரை எடுக்க அங்கே 2021 முதல் ஒரு மேக்ரோ இருந்தது. 2024 அக்டோபரில் வந்த 1.82 பதிப்பில் அதற்கு மொழியிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

என் ஓட்டு, எண்ணை ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பழைய ஸ்ட்ரக்டுக்குத்தான். பாயின்டர் பழகுகிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. சக்தியின் எஸ்டிகே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைக்கே இறக்கி, யுவார்ட் டிரைவர் கோப்பைத் திறந்து பாருங்கள். வெற்று உறுப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்!