துப்பாக்கிக் குற்றச்சாட்டும் எதிர்வாதமும்

தோட்டப்புறத்தில் வாழும் நம் மக்களுக்குக் காட்டுப் பன்றியின் தொல்லை புதிதன்று. பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் வாழைக் கன்றையும் ஒரே இரவில் அது குலைத்துவிட்டுப் போகும். அதனை விரட்டவோ, இறைச்சிக்காக வேட்டையாடவோ சிலர் பிறருடைய துப்பாக்கியை இரவல் பெறுகின்றனர். வேறு சிலர் இரும்புக் குழாயைக் கொண்டு தாமே ஒரு துப்பாக்கியைச் செய்துகொள்கின்றனர். “பன்றி சுடுவதற்குத்தானே, இதிலென்ன குற்றம்?” என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் சட்டம் முதலில் பார்ப்பது நோக்கத்தை அன்று. உரிமம் உண்டா இல்லையா என்பதையே.

இத்தகைய குற்றச்சாட்டுக்கு ஆளாகும் ஒருவர் எவ்வாறு தம்மைத் தற்காத்துக்கொள்ளலாம், அவருக்குச் சட்டம் வழங்கியுள்ள உரிமைகள் யாவை என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம். எதிர்வாதம் என்பது நீதிமன்றக் கூண்டில் தொடங்குவதன்று. கைதான முதல் மணி நேரத்திலேயே தொடங்குகின்றது என்பதே நாம் மனத்தில் கொள்ளவேண்டிய முதன்மையான செய்தியாகும்.

இரண்டு சட்டங்கள்

சுடும் ஆயுதங்கள் பற்றிய சட்டங்கள் கூட்டரசுச் சட்டங்களாகும். இவற்றுள் இரண்டை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமமோ அனுமதியோ இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை இது தடை செய்கின்றது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஏழாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆயுதம் என்ற சொல்லில் காற்றுத் துப்பாக்கியும் துப்பாக்கியின் உறுப்பும் அடங்கும் என்பதைப் பலர் அறியார். உரிமமின்றித் துப்பாக்கி செய்வது, வைத்திருப்பதைவிட மிகக் கடுமையான தனிக் குற்றமாகும்.

இரண்டாவது, 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம். இதன் 8ஆம் பிரிவின்படி, சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படும். இச்சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பிணையும் இல்லை. வழக்கு முடியும் வரை அவர் சிறையிலேயே இருக்க நேரும். அவருடைய சம்பளம் நின்றுவிடும், குடும்பம் தவிக்கும்.

ஆகவே, ஒரே துப்பாக்கிக்காக எந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்படுகின்றோம் என்பது வாழ்வையே மாற்றவல்லது. குற்றப் பத்திரிகை படிக்கப்படும்போது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

உடன் சென்றவரின் நிலை

எடுத்துக்காட்டாக, மூவர் ஒரு வேனில் இரவில் பன்றி வேட்டைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் மட்டுமே உரிமமற்ற துப்பாக்கி உள்ளது. வழியில் போலீசார் மறிக்கின்றனர். மற்ற இருவரும், “துப்பாக்கி எங்களுடையதன்று” என்று சொல்லித் தப்பிவிடலாமா?

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருடன், அவரிடம் துப்பாக்கி இருப்பதை அறிந்திருந்தார் என்று நியாயமாக ஊகிக்கத்தக்க சூழ்நிலையில் ஒருவர் காணப்பட்டால், அவரும் குற்றவாளியாகலாம். அவருக்கும் பதினான்கு ஆண்டு வரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி. அத்துப்பாக்கி சட்டவிரோதமாக வைத்திருக்கப்பட்டதன்று என்று நம்புவதற்குத் தமக்குத் தக்க காரணம் இருந்ததை அவரே மெய்ப்பித்தல் வேண்டும். துணைக்குப் போனவர் வீடு திரும்பப் பல்லாண்டுகள் ஆகலாம்!

வரலாற்றில் ஒரு வழக்கு

1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அனுமதியின்றிச் சுடும் ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு அவசரகால விதிகளின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அதனைத் தாம் கண்டெடுத்ததாகவும், போலீசாரிடம் ஒப்படைக்கக் கொண்டு சென்றதாகவும் அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்த அவசரகால விதிகள் இன்று இல்லை. பாதுகாப்புப் பகுதிகளில் துப்பாக்கி வைத்திருந்தோருக்கு மரண தண்டனை விதித்த 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012இல் நீக்கப்பட்டது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு இருந்த கட்டாய மரண தண்டனையும் 2023 ஜூலை 4 முதல் அகற்றப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனையோ, அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியுமோ விதிக்கலாம். எனினும், “கண்டெடுத்தேன், ஒப்படைக்கச் சென்றேன்” என்னும் விளக்கத்தை மெய்ப்பிப்பது அன்று போலவே இன்றும் எளிதன்று. கீழே கிடக்கும் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையால் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசாருக்குத் தகவல் தருவதே பாதுகாப்பான வழியாகும்.

கைதானவுடன்

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் விதி ஒவ்வொருவருக்கும் அரணாக நிற்கின்றது. கைதுக்கான காரணம் விரைவில் தெரிவிக்கப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், அவரைக் கொண்டு வாதாடவும் கைதானவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் வேண்டும்.

விசாரணை முடியவில்லையெனில், தடுப்புக் காவலுக்கு மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். பதினான்கு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றமாயின், முதன்முறை ஏழு நாள் வரையும் இரண்டாம் முறை ஏழு நாள் வரையும் காவல் நீட்டிக்கப்படலாம். அதற்குக் குறைந்த தண்டனையுடைய குற்றமாயின், முதலில் நான்கு நாளும் பின்னர் மூன்று நாளுமே உச்ச வரம்பாகும். இவ்வேளையிலும் வழக்கறிஞர் முன்னின்று, காவல் தேவைதானா, எத்தனை நாள் தேவை என்று வாதிடலாம்.

விசாரணைக்கு முன்னர், தாம் இருக்குமிடத்தை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிக்கவும், வழக்கறிஞருடன் தொடர்புகொள்ளவும் கேட்கலாம். போலீசாரின் கேள்விகளுக்கு உண்மையாக விடையளித்தல் கடமையே. எனினும், தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கத்தக்க கேள்விக்கு விடையளிக்க மறுக்கும் உரிமையைச் சட்டமே தந்துள்ளது. மொழி விளங்கவில்லையெனில், மொழிபெயர்ப்பாளரைப் பணிவுடன் கேட்க வேண்டும். படித்துக் காட்டப்படாத, பொருள் விளங்காத தாளில் கையொப்பம் இடுதல் கூடாது.

நீதிமன்றத்தில்

“ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்” என்று அண்டை அயலார் கூறும் அறிவுரையே பலரைக் கெடுக்கின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் அபராதத்தோடு போகும் வழி இல்லை. பிரம்படி தண்டனையின் ஒரு பகுதியாகும். ஆதலின், வழக்கறிஞரைக் கலக்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் அறிவுடைமையாகாது.

குற்றத்தை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசாங்கத் தரப்பினுடையது. துப்பாக்கி ஒருவர் அருகில் கிடந்தது என்பது மட்டும் போதாது. அது அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததா? அது இன்னதென்று அவர் அறிந்திருந்தாரா? இவ்விரண்டும் சேர்ந்ததே ‘வைத்திருத்தல்’ ஆகும். பலர் புழங்கும் வீட்டிலோ, பலர் ஏறும் வாகனத்திலோ துப்பாக்கி கண்டெடுக்கப்பட்டால், இக்கேள்விகளே வழக்கின் உயிர்நாடியாக அமைகின்றன.

கைப்பற்றப்பட்ட பொருள் சட்டம் கூறும் சுடும் ஆயுதந்தானா என்பதும் நிபுணர் சாட்சியத்தால் நிலைநாட்டப்பட வேண்டும். அன்று கைப்பற்றப்பட்டதும் இன்று நீதிமன்றத்தில் காட்டப்படுவதும் ஒன்றே என்பதிலும் ஐயம் இருத்தலாகாது. அரசாங்கத் தரப்பு முதல்தோற்ற வழக்கை நிலைநாட்டவில்லையெனில், எதிர்வாதத்திற்கு அழைக்கப்படாமலே குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை பெறுவார். நிலைநாட்டினால், அவர் சத்தியம் செய்து சாட்சியமளிக்கலாம். சத்தியமின்றிக் கூண்டிலிருந்தே பேசலாம். அல்லது மௌனமாக இருக்கலாம். அந்நிலையில் மௌனம் பெரும்பாலும் தண்டனைக்கே வழிவகுக்கும் என்பதால், வழக்கறிஞரின் ஆலோசனை இங்கே மிகத் தேவை.

மேலும், குற்றச்சாட்டை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாற்றுமாறு வழக்கறிஞர் அரசாங்க வழக்குத் தொடுநருக்கு எழுதி முறையிடலாம். மாற்றுவதும் மாற்றாததும் அவருடைய முடிவு. எனினும், பழைய வேட்டைத் துப்பாக்கி, தீய நோக்கமின்மை, முன்குற்றமின்மை ஆகியவற்றை ஆதாரத்துடன் எடுத்துரைப்பது வீண்போகாது.

பணமில்லையே என்று தயங்கலாமா?

வழக்கறிஞர் என்றதும் செலவை எண்ணி அஞ்சுவோர் பலர். 2012ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், வருமான வரம்புக்கு உட்பட்ட மலேசியக் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல், விசாரணை ஆகிய கட்டங்களில் உதவி வருகின்றது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் நாடலாம். மரண தண்டனைக்குரிய வழக்கில், வழக்கறிஞர் அமர்த்த இயலாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். உறவினர் செய்ய வேண்டியது, கைதான அன்றே இவர்களை அணுகுவதுதான். சம்பளச் சீட்டையும் அடையாளக் கார்டின் நகலையும் உடன் கொண்டு செல்லுதல் நலம்.

வருமுன் காப்போம்

துப்பாக்கி உரிமம் ஆளுக்கு உரியது. தந்தையிடமிருந்து மகனுக்குத் தானே வந்து சேர்வதன்று. உரிமம் பெற்றவர் காலமானால், வீட்டார் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் குறித்து உடனே போலீஸ் நிலையத்திற்குத் தெரிவித்து அவற்றை ஒப்படைக்க வேண்டும். பன்றியின் தொல்லை மிகுந்தால் தோட்ட நிர்வாகத்திடம் முறையிட்டு, உரிமம் பெற்றவரைக் கொண்டு வேட்டையாடச் செய்யலாம். உரிமமற்ற துப்பாக்கியோடு செல்பவர் உற்ற நண்பரேயாயினும், அவருடன் வண்டியில் ஏற மறுப்போமாக. பன்றி அழித்த மரவள்ளியை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். சிறையில் கழிந்த ஆண்டுகளை மீட்டுத் தருவோர் எவருமில்லை.