சி மொழியின் குறியுடை, குறியிலா எழுத்து வகைகளும் மணிப்பிரவாளப் பாடக் கணிப்பும்

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்தம் மடம் அமைந்த ஊராகும். தமிழ்ச் சமணர் போற்றும் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையினது; தமிழ் எழுத்துடன் கிரந்த எழுத்தும் அதில் விரவி வரும். இத்தகைய பாடத்தைக் கணினியில் உள்ளிட்டு, சி மொழி நிரலால் எழுத்து வருகையைக் கணக்கிட முனைவோர் ‘கேர்’ என்னும் தரவு வகையின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

சி மொழியில் கேர், சைன்டு கேர், அன்சைன்டு கேர் என மூன்று தனித்தனி வகைகள் உள்ளன. எட்டுப் பிட்டு கொண்ட பைட்டில் குறியுடையது −128 முதல் 127 வரையும், குறியிலாதது 0 முதல் 255 வரையும் மதிப்புக் கொள்ளும். அடைமொழியற்ற கேர் இவற்றுள் எதனைப் போல இயங்கும் என்பதை மொழித்தரம் வரையறுக்கவில்லை. நிரல்பெயர்ப்பியின் முடிவுக்கே விட்டுவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிசிசி, இன்டெல் வகைச் செயலிக்குக் குறியுடையதாகவும் ஏஆர்எம் செயலிக்குக் குறியிலாததாகவும் அதனைக் கொள்கிறது.

ஆங்கில எழுத்துகள் 127க்குள் அடங்குவதால் அவற்றுக்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. தமிழின் நிலை வேறு. யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். குறியுடை வகையில் இவை −32, −82, −123 எனப் படிக்கப்படும். 2014இல் யூனிகோடு 7.0 பதிப்பில் இடம்பெற்ற கிரந்தத்தின் அகரமோ 240, 145, 140, 133 என நான்கு பைட்டுகள். இவற்றுள் ஒன்றேனும் 127க்கு உட்பட்டதன்று.

256 இடங்கள் கொண்ட அணியில் பைட்டு மதிப்பையே சுட்டெண்ணாகக் கொண்டு எண்ணினால், குறியுடை வகை −32ஆம் இடத்தைத் தேடி அணிக்கு வெளியே எழுதும். முதற்பைட்டு 224தானா என ஒப்பிட்டுத் தமிழைப் பிரிக்கும் நிரலுக்கோ பாடம் முழுவதிலும் ஒரு தமிழெழுத்தும் அகப்படாது. பிழைச்செய்தி ஏதும் தோன்றாமையே இதன் கேடு: ஒரே நிரல் மேசைக்கணினியில் சுழியத்தையும் ராஸ்பெரி பையில் சரியான எண்ணையும் தரக்கூடும். அட்டவணையாக அச்சேறிய பின் அதனை ஐயுறுவார் யார்?

எனவே பாடத்தின் பைட்டுகளை அன்சைன்டு கேர் என வெளிப்படையாக அறிவித்தலே தக்கது. எனினும் கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் ‘எஃப்கெட்சி’யின் விடையை ‘இன்ட்’ வகையிலேயே பெறுதல் வேண்டும். குறியிலா வகையில் இட்டால் கோப்பின் முடிவைக் காட்டும் எதிர்ம மதிப்பு 255 ஆகிவிட, நிரல் முடிவின்றிச் சுழலும். மேலும், குறியிலா வகை பைட்டைத்தான் பிழையின்றித் தருமேயன்றி எழுத்தைத் தருவதில்லை. ‘கு’ என்னும் ஓர் உயிர்மெய்க்கு ஆறு பைட்டுகள். எழுத்தெண்ணிக்கைக்கு அவற்றைக் கூட்டிப் பிரிக்கும் படிநிலை தனியே எழுதப்பட வேண்டும்.