கோணலாக வைத்தால்தான் நேராக ஓடும்

கம்மாபுரத்தில் ஒரு சாலையோரப் பட்டறை. பழைய பொலீரோ ஒன்றின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் முன்டயரின் இரு ஓரங்களையும், கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில், பிடித்து உலுக்குகிறார். உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். “டை ராட் எண்டு போச்சு சார். அதான் டயரைத் தின்னுது.”

டை ராட் என்பது கட்டைவிரல் பருமனுள்ள இரும்புத் தண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கீழே ஒரு சிறு பற்சக்கரம் சுழல்கிறது. அது ஒரு பற்சட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள இந்தத் தண்டுகள்தான் சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகின்றன. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது கடைசியில் இந்த இரண்டு தண்டுகளின் கையில்.

இது இல்லாத வண்டி எப்படித் திரும்பும்? பக்கத்திலேயே விருத்தாசலத்தில் பார்க்கலாம். மாசி மகத் திருவிழாவில் பழமலைநாதர் கோயிலின் ஐந்து தேர்கள் வீதி வருகின்றன. தேரின் அச்சு அசையாதது. சக்கரங்கள் உருளும், ஆனால் திரும்பா. முக்கு வந்ததும் ஒரு பக்கத்துச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் தயங்க, மறுபக்கம் முன்னேற, தேர் முனகிக்கொண்டே மெல்லத் திரும்பும். நடை வேகத்தில் போகும் தேருக்கு இது போதும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு?

இங்கேதான் ஒரு பழைய புதிர் வருகிறது. வளைவில் திரும்பும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்பக் கூடாது! உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. பொலீரோ அளவுள்ள வண்டி ஆறு மீட்டர் ஆரத்தில் திரும்பினால், உள்சக்கரம் சுமார் 27 பாகையும் வெளிச்சக்கரம் சுமார் 22 பாகையும் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒரு டயராவது தரையில் அரைபட்டே தீரும்.

மியூனிக் நகரத்துக் கோச்சு வண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் 1816 வாக்கில் இதற்கு விடை கண்டார். 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அவருடைய முகவரான ருடால்ஃப் ஆக்கர்மன். பேரும் அவருக்கே போயிற்று: இன்றும் ‘ஆக்கர்மன் அமைப்பு’ என்றுதான் சொல்கிறோம். சக்கரத்தைத் திருப்பும் கைகளைச் சற்று உள்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சாய்வே உள்சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பிவிடுகிறது. கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. நாலு தண்டுகளே கணக்குப் போடுகின்றன. இந்தத் திருப்பும் சிக்கலுக்குப் பயந்தே கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் காருக்கு மூன்றே சக்கரம் வைத்தார். நாலு சக்கரத்துக்குத் திருப்பும் முறையை அவர் கண்டுகொள்ள 1893 ஆயிற்று.

இனி ‘டொக்’ வந்த இடத்துக்கு வருவோம். ஓடும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும். அதே நொடியில் திரும்பவும் செய்யும். இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும் மூட்டு ஒன்று வேண்டும். அதுதான் டை ராட் எண்டு. நம் இடுப்பில் தொடை எலும்பு பொருந்துவது போன்ற பந்துக்கிண்ண மூட்டு: நெல்லிக்காய் அளவு எஃகுக் குண்டு, அதைக் கவ்வும் கிண்ணம், நடுவே கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை. 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் பல்லாண்டுகளாகச் செய்துவரும் சாமான் இது. இதன் ஆயுளைக் காப்பது அந்த மெல்லிய ரப்பர்தான். அது கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்க் கிரீஸோடு சேர்ந்து அம்மியில் அரைப்பதுபோல் குண்டை அரைத்துவிடும்.

மெக்கானிக் காட்டர் பின்னை உருவி, கோட்டை மதில்போல் பல்வெட்டுள்ள நட்டைக் கழற்றுகிறார். ஆனாலும் மூட்டு வருவதில்லை. அதன் காம்பு, பாட்டிலில் அடைத்த கார்க்குபோல் கூம்பு வடிவில் இறுகிப் பிடித்திருக்கிறது.  அவர் காம்பை அடிக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. வளையம் ஒரு கணம் நெளிய, காம்பு பொத்தென்று கீழே விழுகிறது.

அடுத்து அவர் செய்வதுதான் வேடிக்கை. பழைய எண்டைச் சுற்றிக் கழற்றும்போது வாய்க்குள் எண்ணுகிறார். புதியதையும் அதே எண்ணிக்கையில் ஏற்றுகிறார். ஏன்? மரையின் ஒரு சுற்று தண்டை 1.5 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் கை 15 செ.மீ. என்றால், 70 செ.மீ. உயரமுள்ள டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அது 7 மி.மீ. வித்தியாசமாக வந்து நிற்கும்.

வெறும் 3 மி.மீ. பிசகினால் என்ன ஆகும்? இரண்டு முன்டயர்களும் ஒன்றையொன்று எதிர்த்து, கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேயும். இங்கிருந்து சென்னை சுமார் 220 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்ச்சாலையில் குறுக்காக இழுத்துத் தேய்த்ததற்குச் சமம். டயரைத் தின்பது இதுதான்.

எண்ணி மாட்டினாலும் அது உத்தேசக் கணக்கே. பழைய மெக்கானிக்குகள் கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்த்தார்கள். இன்று விருத்தாசலத்து அலைன்மெண்ட் கடையில் சக்கரங்களில் பலகைகளை மாட்டி, வண்டியைச் சற்று உருட்டுகிறார்கள். பலகைகள் நகரும் விதத்தைக் கேமராக்கள் பார்த்து, பாகையின் நூற்றில் சில பங்கு வரை கோணத்தைத் திரையில் காட்டுகின்றன. தண்டைப் பூட்டியிருக்கும் செக் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கட்டம் பச்சையானதும் இறுக்குகிறார்கள்.

ஆனால் அந்தப் பச்சைக் கட்டத்தில் முன்சக்கரங்கள் நேராக இல்லை! மூக்குகள் ஓரிரு மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கின்றன. இதற்கு டோ-இன் என்று பெயர், உட்கோணல் எனலாம். பின்சக்கரம் தள்ளும் வண்டியில், ஓடத் தொடங்கியதும் சாலையின் இழுவை முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கும். இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் சற்று அமுங்கும். அந்த விரிவுக்காக முன்கூட்டியே விட்ட கணக்குதான் உட்கோணல்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். ஆகவே தேவையான அளவைவிடப் பெரிதாகவே அச்சு எடுப்பார்கள். பிள்ளையார் சரியான அளவுக்கு வருவது சூளையைத் திறக்கும்போதுதான். சக்கரத்துக்கும் அப்படி ஒரு சூளை உண்டு. சேத்தியாத்தோப்புச் சாலையில் வண்டி வேகம் பிடிக்க, மெக்கானிக் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கிறார். கடையில் உள்நோக்கி நின்ற இரண்டு சக்கரங்களும் இப்போது ஒன்றுக்கொன்று நேர்.