குட்டி ஆல்பர்ட்டைத் தேடி

உளவியல் பாடநூல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் குட்டி ஆல்பர்ட் இருப்பான். பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் பயப்படப் பழக்கிய கைக்குழந்தை அவன். வெள்ளெலியை அவன் தொடும்போது, முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். பிறகு சத்தமே வேண்டியிருக்கவில்லை. எலியைக் கண்டாலே அழுதான்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆய்வுக்கு ஏன் போதாது என்பதை 1979-இல் பென் ஹாரிஸ் காட்டினார். பாடநூல்கள் சொல்வதை 1920-இல் வெளியான மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டார் அவர். சில நூல்களில் குழந்தையின் வயது மாறியிருந்தது; எலி முயலாகியிருந்தது. அவன் பயந்த பொருள்களின் பட்டியலில் பூனையும் கரடிப் பொம்மையும் புதிதாக வந்து சேர்ந்திருந்தன. கடைசியில் பயத்தைப் போக்கிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் எழுதியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்குள் குழந்தையை அவன் இருந்த மருத்துவமனையிலிருந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

மூலக் கட்டுரை பதினான்கே பக்கம். கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியல் வரலாற்றுத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி அதில் இருக்கிறது: ஆல்பர்ட் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கினால் பயம் அடங்கிவிடும். ஆகவே, அழவைப்பதற்காக ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் அவன் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயம் தளர்ந்தபோது கம்பியை மறுபடி அடித்துப் புதுப்பிக்கவும் செய்தார்கள். ஒரே ஒரு குழந்தை, இப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்த பயம்! இதை மூலத்தில் படித்த மாணவர் அந்தச் சோதனையைப் பற்றிப் பழைய உறுதியோடு எழுத மாட்டார்.

ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் நம்மைப் பின்னோக்கித்தான் அழைத்துச் செல்லும். 1920-இல் எழுதியவர் 1924-இல் வரப்போவதைச் சொல்ல முடியாதல்லவா? அந்தத் திசையைத் திருப்பலாம் என்று 1955-இல் எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். ஒரு கட்டுரையைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்தால், காலத்தில் முன்னோக்கியும் நடக்கலாம். சமூக அறிவியல்களுக்கான மேற்கோள் அட்டவணை 1973-இல் வந்தது. இன்று கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்குப் போதும். நூலகக் கருவிகளிலேயே எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

ஆல்பர்ட்டிலிருந்து அப்படி நடந்தால், முதலில் 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் வருவார். பீட்டர் என்ற சிறுவனுக்குத் தின்பண்டம் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, அவன் பயத்தைத் தணித்தவர் அவர். இன்னும் தொலைவில், ஆல்பர்ட் உண்மையில் யார் என்று பழைய ஆவணங்களைத் துருவிய 2009, 2014-ஆம் ஆண்டுக் கட்டுரைகள் வரும். இரண்டும் வெவ்வேறு குழந்தைகளைச் சுட்டுகின்றன. பின்னதன் ஆசிரியர்களில் ஹாரிஸும் ஒருவர்.

தேடுசொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே நிகழ்வுக்கு ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். இதற்காகவே அமெரிக்க உளவியல் சங்கம் 1974-இல் பொருட்சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது. சைக்இன்ஃபோ தரவுத்தளத்தில் அந்தக் களஞ்சியத்தின் சொல்லைக் கொண்டு தேடினால், ஆசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் கட்டுரை அகப்பட வாய்ப்புண்டு.

அலமாரிகளிலும் இதே சிதறல்தான். டூயி பகுப்பில் உளவியலின் எண் 150. குழந்தை உளவியல் 155.4. ஆனால் மனநோய் மருத்துவம் 616.89-க்கும், கல்வி உளவியல் 370.15-க்கும் போய்விடும். பயத்தைப் பற்றிப் படிப்பவர் நான்கு இடங்களிலும் நின்று பார்க்க வேண்டும். நூலகரிடம் கேட்கும்போதும் "பயம்" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே தொடங்குவார்? "சிறுவயதில் பழகிய பயம் எப்படிக் குறைகிறது" என்று கேட்டால், எந்த அலமாரி, எந்த ஆய்விதழ் என்று அவரால் சொல்ல முடியும்.