பழைய மெட்டடோரும் உப்புக் காத்தும்: வீட்டு வேனை வீட்டுலயே காப்பாத்துறது எப்படி?

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோட், வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

போன எபிசோட்ல எங்க வீட்டு மெட்டடோர் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "கடற்கரை ஊர்ல பழைய வேனை வச்சிக்கிட்டு துருவோட எப்படிங்க சமாளிக்கிறீங்க?" நேர்மையா சொன்னா, முதல் தடவை சமாளிக்கல, ஏமாந்தேன். அந்தக் கதையோடவே ஆரம்பிக்கிறேன்.

ஏன் மெட்டடோர்?

கேம்பர் வேன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது போக்ஸ்வாகன் வேன். 1947ல டச்சுக்காரர் பென் பான் ஒரு நோட்டுல கிறுக்கின படம், 1950ல வண்டியா வந்துச்சு. நம்ம ஊர்ல அது கிடைக்கிறது அபூர்வம். நம்ம ஆளுங்களுக்கு வேன்னா மெட்டடோர்தான். 1958ல ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோட கூட்டு சேர்ந்து பஜாஜ் டெம்போ தொடங்குச்சு. முதல்ல மூணு சக்கர வண்டி, அப்புறம் 1969ல மெட்டடோர். 2005ல நிறுவனத்தோட பேரே ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு மாறிடுச்சு. ஆனா இன்னைக்கும் எந்தக் கம்பெனி வேனைப் பாத்தாலும் "மெட்டடோர் வந்துருச்சு"ன்னு சொல்ற பெருசுங்க இருக்காங்க.

வீட்டு வேனா மாத்த இதுல ரெண்டு வசதி உண்டு. ஒண்ணு, இது முன்சக்கரத்துல இழுக்கிற வண்டி. பின்னாடி போற புரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. அதனால தளம் தாழ்வா, மட்டமா இருக்கும். வயசானவங்க ஏறி இறங்க லேசு. ரெண்டாவது, எண்பதுகளுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல இருக்கிறது மெர்சிடிஸ் ஓ.எம்.616 டீசல் எஞ்சின். டிராக்ஸ்லயும் இதே குடும்பத்து எஞ்சின் வந்ததால பாகங்கள் இன்னமும் தேடினா கிடைக்குது. கம்ப்யூட்டர் இல்ல, சென்சார் இல்ல. கரும்புகை விட்டா நாசிலைப் பாரு, காலையில ஸ்டார்ட் ஆகலன்னா ஹீட்டர் பிளக்கைப் பாரு, ஓடிக்கிட்டே இருந்து நின்னா டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கான்னு பாரு. எங்க ஊர்ல விசைப்படகு எஞ்சின் பாக்கிற எந்த மெக்கானிக்குக்கும் இது பழகின வேலைதான்.

ஆக எஞ்சின் ஒரு பிரச்னையே இல்ல. வண்டியைக் கொல்றது தகரத்துல பிடிக்கிற துருதான்.

தொண்டியில துரு ஏன் இவ்வளவு வேகம்?

கொச்சியில தொடங்குற தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு மலை ஏறி, மதுரை கடந்து வந்து முடியுற ஊர் எங்க தொண்டி. ரோடு முடியுற இடத்துல பாக் நீரிணை. வாடைக் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஜன்னல் கண்ணாடியைத் தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். நாக்குல வச்சா கரிக்கும். அதே படலம்தான் வேனோட அடிப்பக்கத்துலயும் படியுது.

இரும்பு துருப்பிடிக்க ரெண்டு பொருள் போதும்: தண்ணியும் ஆக்சிஜனும். உப்பு இதுல ரெண்டு வேலை செய்யுது. தண்ணியில கரைஞ்சு மின்சாரம் சுலபமா ஓட வழி விடுது. துருங்கிறதே ஒரு சின்ன மின்வேதி வினைதான், அதனால வேகம் கூடுது. இன்னொண்ணு, மழையே இல்லாத நாள்லயும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சிக்குது. சமையல் உப்பு ஈரப்பதம் 75 சதவீதம் வந்தாத்தான் நீர்த்துப் போகும். ஆனா கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு. அது 33 சதவீதம் தாண்டினாலே தண்ணி இழுக்க ஆரம்பிச்சிடும். கடற்கரையில காத்து அதுக்குக் கீழ காயுற நாள் ரொம்ப அபூர்வம். அதாவது, வெயில்ல நிக்கிற வண்டியோட அடிப்பக்கமும் எங்க ஊர்ல நனைஞ்சேதான் இருக்கு.

துரு, தான் தின்ன இரும்பை விட பல மடங்கு இடத்தை அடைக்கும். பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்புறது அதனாலதான். வெளிய ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிஞ்சா, உள்ள உள்ளங்கை அளவு போயிருக்கும்னு வச்சிக்கோங்க.

நான் ஏமாந்த கதை

வண்டி வாங்கின புதுசுல முன்பக்கத் தளத்துல ரெண்டு ஓட்டை. எங்க தெருவுல படகுக்கு பைபர் வேலை பாக்கிற காக்கா ஒருத்தர் இருக்கார். கைநேர்த்தியான ஆளு. அவர்கிட்ட போய், "காக்கா, வள்ளத்துக்கு அடிக்கிற மாதிரி இதுக்கும் ரெண்டு லேயர் அடிச்சு விட்டுருங்க"ன்னேன்.

அவர் யோசிச்சார். "தம்பி, மரத்துல ஒட்டும், பைபர்ல ஒட்டும். துருவுல ஒட்டுமான்னு எனக்குத் தெரியாதுப்பா"ன்னார். நான்தான் வற்புறுத்தினேன். அடிச்சோம். பளபளன்னு, தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு. எனக்கு அவ்வளவு பெருமை.

ஒண்ணரை வருஷம் கழிச்சு அக்கா, மச்சான், பிள்ளைங்க எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில தேவிபட்டினம் போயிட்டு இருந்தோம். பிரேக் போட்டா முன்னாடி "டொக்"குன்னு ஒரு சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துச்சு. ஓரம் கட்டி குனிஞ்சு பாத்தேன். பைபர் அப்படியே இருக்கு. அதுக்குப் பின்னாடி, முன் சஸ்பென்ஷனைத் தாங்குற இரும்பு செதில் செதிலா உதிருது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பின்சீட்டுல பிள்ளைங்க இருந்தாங்க.

நடந்தது இதுதான். பாலியஸ்டர் ரெசின் துருவைப் பிடிக்காது, அது மேல சும்மா உக்காந்திருக்கும். வெயில்ல இரும்பு ஒரு அளவு விரியும், பைபர் வேற அளவு விரியும், ஓரத்துல மயிரிழை விரிசல் விழும். அது வழியா உப்புத்தண்ணி உள்ள போகும், வெளிய வராது. பைபர் துருவை நிறுத்தல, என் கண்ணுல இருந்து மறைச்சுது. தப்பு காக்காவோடது இல்ல, என்னோடது.

அப்போ சரியான முறை என்ன?

முதல்ல தட்டிப் பாருங்க. சின்ன சுத்தியலால தட்டினா நல்ல இரும்பு "டிங்"குன்னும், போன இரும்பு "டப்"புன்னும் சொல்லும். சந்தேகமான இடத்துல ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்க. உள்ள போனா, போனதுதான்.

மேல்துருன்னா வயர் பிரஷ்ஷால சுத்தமா தேய்ச்சு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, காய வச்சு, ரஸ்ட் கன்வர்ட்டர் அடிக்கலாம். அதுல இருக்கிறது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் இல்லைன்னா டானின். டானின் நமக்குப் புதுசு இல்ல, கடுக்காய்ல இருக்கிறதுதான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா கருப்பு மை ஆகும்ல, அதே வினைதான் துருவையும் கருப்புப் படலமா மாத்துது. அதுக்கு மேல துத்தநாகம் கலந்த பிரைமர், அப்புறம் பெயிண்ட். கன்வர்ட்டர் துருவை மாத்தும், போன இரும்பைத் திருப்பிக் கொண்டு வராது.

ஓட்டைன்னா வெட்டித்தான் ஆகணும். பளபளன்னு நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி, புதுத் தகடு வச்சு வெல்டிங். பேட்டரி டெர்மினலைக் கழட்டணும், இல்லைன்னா ஆல்டர்னேட்டர் டயோடு போயிரும். பக்கத்துல ரெண்டு வாளி மணல் வச்சிக்கோங்க. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பிடிக்கிற இடங்கள்ல வீட்டு வெல்டிங் வேண்டவே வேண்டாம், அனுபவமுள்ள டிங்கர்கிட்ட கொடுங்க. வண்டிக்கு அடியில போறப்ப ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு இல்லாம போகாதீங்க.

படகுக்காரங்க ஒரு யோசனை சொல்வாங்க: "புரொப்பல்லர் பக்கத்துல துத்தநாகக் கட்டி மாட்டுற மாதிரி வண்டிக்கும் மாட்டேன்." கேக்க நல்லாருக்கு, வேலை செய்யாது. படகுல கட்டியும் இரும்பும் ஒரே கடல் தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கு, மின்சுற்று முழுசாகுது. அதனால இரும்புக்குப் பதிலா துத்தநாகம் கரையுது. ரோட்டுல நிக்கிற வேனுக்கு அந்தத் தண்ணி இல்ல. கட்டி பக்கத்துல ஒரு விரல்கடை தூரம் வேணா காக்கும்.

தினப்படி செய்ய வேண்டியது

மாசம் ரெண்டு தடவை அடிப்பக்கத்தைக் கழுவுங்க. ஆனா எந்தத் தண்ணியில? எங்க பக்கம் பல வீட்டு போர் தண்ணி கரிக்கும். அதுல கழுவினா உப்பை எடுத்துட்டு உப்பைப் பூசுற கதைதான். மழைத்தண்ணி பிடிச்சு வைங்க, இல்லைன்னா குடிக்கிற தண்ணியில நாலு குடம் செலவு பண்ணுங்க. கதவுக்கு அடியில இருக்கிற வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால குத்தி விடுங்க. தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்க்கும். மேல கூரை, நாலு பக்கமும் காத்தோட்டம், அதுதான் நல்லது. முன் ஆக்சில் ஜாயிண்ட்டோட ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. ஒரு பிடி மணல் உள்ள போனா ஜாயிண்ட்டே போச்சு.

உள்ள அடுப்பு வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தளத்துல தேங்கும். அதனால காத்துப்போக்கி மேல மட்டும் இருந்தா பத்தாது, தளத்தை ஒட்டியும் வேணும். அடுப்பை எரிய விட்டு, கதவை மூடிட்டு தூங்கவே கூடாது. எஞ்சினும் கேபினுக்குள்ளதான் இருக்கு, புகைக்குழாய் கசிவை வருஷம் ஒரு தடவை சோதிங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்னு ஒரு வகை 2004 மத்திய அறிவிக்கையிலேயே இருக்கு. அதனால கட்டிலை போல்ட் போடுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துல கேளுங்க, போட்டுட்டுக் கேக்காதீங்க. "விண்டேஜ்"னு பதியலாமான்னு சிலர் கேட்டிருந்தீங்க. 2021 விதிப்படி அதுக்கு 50 வயசு தாண்டணும். அப்படிப் பதிஞ்ச வண்டியை தினமும் ஓட்டவும் முடியாது. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து அந்தக் கட்டணமும் கூடியிருக்கு, பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

எங்க வண்டி இப்போ நல்லா ஓடுது. அந்த பைபரைப் பேத்து எடுக்கவும் காக்காதான் வந்தார். வேலை முடிஞ்சு டீ குடிக்கிறப்ப, "தம்பி, அன்னைக்கே நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்"ன்னார். "நான் கேட்டிருக்க மாட்டேன் காக்கா"ன்னேன். உண்மை அதுதான்.

பழைய வேன் வாங்கப் போறீங்கன்னா பெயிண்ட்டைப் பாக்காதீங்க. ஒரு பாயை விரிச்சு, வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. விக்கிறவர் "எதுக்குங்க அதெல்லாம்"னு தடுத்தா, எழுந்து வீட்டுக்கு வந்துருங்க.

அடுத்த எபிசோட்ல டீசல் லைன்ல காத்து எடுக்கிறது எப்படின்னு ஒவ்வொரு படியா பாக்கலாம். அதுவரைக்கும், பத்திரமா ஓட்டுங்க.