'ட்ரோக்' என்றொரு சொல்

2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய 'டீன் டைட்டன்ஸ்' அனிமேஷன் தொடரின் நாயகிகளில் ஒருத்தி ஸ்டார்ஃபயர். வேற்றுக்கிரகத்தவள். அவள் கதைக்கும் விதமும் உண்ணும் உணவும் பெரும்பாலும் சிரிப்பூட்டவே பயன்பட்டன.

'ட்ரோக்' என்ற அத்தியாயம் வேறு மாதிரி. விண்வெளி வீரனான வால்-யோர் அவளை அப்படித்தான் அழைக்கிறான். அவளது இனத்தவரை இழிவுபடுத்தும் சொல் அது. 'ஒன்றுமில்லாதவள்' என்று பொருள். பொருள் தெரியாத நண்பன் சைபோர்க்கும் உற்சாகமாக அப்படியே கூப்பிடுகிறான். கேட்ட பிறகுதான் அவள் விளக்குகிறாள். தனக்கும் அந்த வலி தெரியும் என்கிறான் அவன், பாதி இயந்திரமாக வாழ்பவன்.

இறுதியில் வால்-யோர் அவளைப் பாராட்டுகிறான்: ஒரு ட்ரோக்குக்குப் பரவாயில்லையாம்! அவளது இனம் மோசம், அவள் மட்டும் விதிவிலக்கு என்பதே அதன் அர்த்தம். அவன் மனம் மாறாமலே புறப்படுகிறான். சிறுவர் தொடர்களில் இது அபூர்வம்.